தினமும் பார்க்கும் இடத்திலேயே நல்ல படம் எடுப்பது எப்படி?

அன்றாடச் சூழல் ஒளிப்படக்கலை என்பது, பயணமோ விழாவோ இல்லாமல், வீடு, தெரு, பேருந்து நிறுத்தம் போன்ற பழகிய இடங்களிலேயே படத்துக்குரியதைக் கண்டெடுப்பதாகும். பழகிய இடம் சலிப்பூட்டக் காரணம், மாறாமல் இருப்பதை மூளை கவனத்திலிருந்து விலக்கிவிடுவதுதான். ஓடும் மின்விசிறியின் சத்தம் மின்சாரம் போகும்போதுதான் உறைக்கிறது அல்லவா, கண்ணும் அப்படித்தான். ஆகவே பொருளைவிட அதன்மீது விழும் ஒளியைக் கவனிக்க வேண்டும்: நண்பகலில் தட்டையாகத் தெரியும் சிமென்ட் சுவரில், மாலை வெயில் சாய்வாகப் படும்போது, கொத்தனாரின் கரணை விட்டுச்சென்ற ஒவ்வொரு தடமும் நிழலோடு எழுந்து நிற்கும்.

செக் நாட்டு ஒளிப்படக் கலைஞர் யோசெஃப் சுடெக், பிராக் நகரில் இருந்த தம் பணிக்கூடத்தின் சன்னலை 1940 முதல் 1954 வரை திரும்பத் திரும்பப் படமெடுத்தார். கண்ணாடியில் படிந்த பனியும் ஆவியும் மழைத்துளியும் மாறிக்கொண்டிருந்ததே அவருக்குப் போதுமானதாக இருந்தது. ஒரே பொருளைக் காலையிலும் மாலையிலும் எடுத்து ஒப்பிடுவதே, என் கணிப்பில், இப்படி ஒளியைக் கவனிக்கப் பழகுவதற்கான சிறந்த பயிற்சி.

விலையுயர்ந்த கேமரா இல்லாமல் இது இயலாது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சன்னலோர வெளிச்சத்தில் இருக்கும் எவர்சில்வர் டம்ளரை எடுக்கக் கைபேசியே போதும், லென்சை மட்டும் துடைத்துக்கொள்ளுங்கள்.