ஒரே தோட்டம் ஏன் மூன்று தடவை வருகிறது?

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் கோயில் திருவிழா அன்னதானத்துக்கு பிஎச்பி நிரல்மொழி, மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் வைத்து இணையத்தில் ஒரு பதிவுப் படிவம் செய்திருக்கிறேன். பழைய பதிவுகளில் உள்ள தோட்ட (எஸ்டேட்) பெயர்களை, ஒரே பெயர் திரும்ப வராமல் எடுக்கும் டிஸ்டிங்க்ட் கட்டளை போட்டு எடுத்து, டிராப்டவுனில் (விரியும் தேர்வுப் பட்டியலில்) காட்டுகிறேன். ஒரே தோட்டம் இரண்டு மூன்று தடவை வருகிறது. ‘சுங்கை ரேலா’ என்று தேர்ந்தெடுத்தால் ‘சுங்கை’ மட்டும்தான் சேமிப்பாகிறது. என்ன செய்யலாம்?
வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இரண்டாவது சின்ன விஷயம், அதை முதலில் முடித்துவிடுவோம். ஆப்ஷனின் (பட்டியலில் உள்ள ஒவ்வொரு தேர்வின்) வேல்யூவுக்கு, அதாவது சர்வருக்குப் போகும் மதிப்புக்கு, மேற்கோள் குறி போடாமல் விட்டிருப்பீர்கள் தம்பி. குறி இல்லையென்றால் முதல் இடைவெளியோடு வேல்யூ முடிந்தது என்று பிரவுசர் எடுத்துக்கொள்ளும், ‘ரேலா’ போய்விடும். குறி போடுங்கள், பெயரில் மேற்கோள் போன்ற குறிகள் இருந்தாலும் பக்கம் குழம்பாதபடி மாற்றித் தரும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் என்ற பிஎச்பி ஃபங்ஷன் வழியாகவே பெயரை அச்சிடுங்கள்.

முதல் சிக்கல்தான் ஆழமானது. டிஸ்டிங்க்ட் எழுத்தைப் பார்க்கும், தோட்டத்தைப் பார்க்காது. ஒருவர் ‘எல்பில் தோட்டம்’ என்று எழுதியிருப்பார், இன்னொருவர் ‘லாடாங் எல்பில்’ (மலாயில் லாடாங் என்றால் தோட்டம்), வேறொருவர் ‘எல்பில் எஸ்டேட்’. அதன் கணக்கில் மூன்றும் வேறு வேறு. ஆட்கள் தட்டச்சு செய்த ஃபீல்டிலிருந்து பட்டியல் எடுக்கும்வரை இது தீராது. தோட்டங்களுக்கு ஐடி, பெயர் என்று தனி டேபிள் வையுங்கள். டிராப்டவுனில் வேல்யூவாக ஐடி போகட்டும், கண்ணுக்குப் பெயர் தெரியட்டும். பதிவு டேபிளில் அந்த ஐடி மட்டும், ஃபாரின் கீயோடு (தோட்ட டேபிளில் உள்ள ஐடியை மட்டுமே ஏற்கும் இணைப்போடு). அப்புறம் ஒரு பெயரில் எழுத்துப்பிழை என்றால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். பழைய பதிவுகளை மட்டும், எந்தப் பெயர் எந்தத் தோட்டம் என்று கோயில் பெரியவர்களோடு உட்கார்ந்து ஒருமுறை கையால் பொருத்தித்தான் ஆகவேண்டும், இதற்குக் குறுக்குவழி கிடையாது.

ஆள் இல்லாமல் போன தோட்டங்களைப் பட்டியலிலிருந்து தூக்கிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். தூக்காதீர்கள். டவுனுக்குக் குடிமாறிப் பல வருடம் ஆனவர்களும் கோயில் ரசீதுக்குத் தங்கள் தோட்டத்துப் பெயரைத்தான் சொல்கிறார்கள், அந்தப் பெயர் படிவத்தில் இருக்கவேண்டும்.

டிராப்டவுன்தானே என்று வந்த ஐடியை அப்படியே நம்பவும் வேண்டாம். பிரவுசரில் யார் வேண்டுமானாலும் வேல்யூவை மாற்றி அனுப்பலாம், ஆகவே டேபிளில் அந்த ஐடி இருக்கிறதா என்று சர்வரில் பார்த்து, பிரிப்பேர்டு ஸ்டேட்மெண்டில் (கட்டளையையும் மதிப்பையும் தனித்தனியே அனுப்பும் முறையில்) சேமியுங்கள். முதல் ஆப்ஷன் ‘தோட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று வெற்று வேல்யூவோடு இருக்கட்டும், செலக்டில் (டிராப்டவுனுக்கான எச்டிஎம்எல் டேகில்) ரிக்வயர்டு சேருங்கள், தேர்ந்தெடுக்காமல் அனுப்ப பிரவுசர் விடாது. இல்லாவிட்டால் டிராப்டவுனைத் தொடாமல் அனுப்புகிறவர்கள் எல்லாரும் பட்டியலில் முதலில் நிற்கும் தோட்டத்தின் கணக்கில் போய்ச் சேருவார்கள்.