எட்டு மாதக் குழந்தைக்கு எதை ஊட்டலாம்?

கேள்வி: எட்டு மாதமாகும் என் மகளுக்கு இன்னமும் தண்ணீராகக் கரைத்த கேழ்வரகுக் கூழைத்தான் கொடுக்கிறோம். கெட்டியாக எதைத் தந்தாலும் துப்பிவிடுகிறாள். முட்டை தரலாமா? கூழில் தேன் கலக்கலாம் என்கிறார் மாமியார்.
– வாசகி, திருச்சி

பதில்: தேன் வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரி வித்துகள் பச்சிளங்குழந்தையின் குடலில் பெருகி நஞ்சை உண்டாக்கக்கூடும் என்பதால், ஒரு வயது முடியும்வரை நாக்கில் தடவுவதைக்கூடத் தவிர்க்க வேண்டும். மாமியாரிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

நீர்த்த கூழ் வயிற்றை நிரப்புமே தவிர, போதிய சத்தைத் தராது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பதத்தில் குழைத்த பருப்புச் சாதத்தில் அரைத் தேக்கரண்டி நெய் விட்டு, மிக்ஸியில் அடிக்காமல், விரலால் நசுக்கி ஊட்டுங்கள். பிறக்கும்போது உடலில் சேர்ந்திருந்த இரும்புச்சத்து ஆறு மாதத்துக்குப் பிறகு குறைந்துவிடுவதால், முட்டை, மீன், ஈரல், கீரை, பயறு ஆகியவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. நன்றாக வெந்த முட்டையை மஞ்சள்கரு, வெள்ளைக்கரு இரண்டையும் சேர்த்துத் தாராளமாகத் தரலாம். முதன்முறை சிறிதளவு பகலில் கொடுத்து, தடிப்போ வாந்தியோ வருகிறதா என்று கவனியுங்கள்.

துப்புவதாலேயே பிடிக்கவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஒரே உணவைப் பத்து முறை கொடுத்த பிறகு ஏற்கும் குழந்தைகள் உண்டு. வாயைத் திறந்து திணிப்பதுதான் (நம் வீடுகளில் சகஜம்!) வெறுப்பை வளர்க்கும். நாளுக்கு இரண்டு, மூன்று வேளை உணவோடு தாய்ப்பாலும் தொடரட்டும்.