சான்று சொன்னவரின் நிறம்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகள் நியூ ஜெர்சியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நோய்த்தடுப்புப் பாடத்தைத் தொடங்குமுன், வீட்டுப் பெரியவர்களிடம் தடுப்பூசி பற்றி ஒரு கதை கேட்டு எழுதி வருமாறு அறிவியல் ஆசிரியை சொல்லியிருக்கிறார். இனச் சமத்துவத்துக்கான முயற்சியாம். கதை கேட்க வரலாற்று வகுப்பு இருக்கிறதே? கிருமிக்கு இனம் தெரியாது. அறிவியல் வகுப்பிலாவது உண்மையை மட்டும் கற்பிக்கக் கூடாதா?

செ.

அன்புள்ள செ. அவர்களுக்கு,

கிருமிக்கு இனம் தெரியாதுதான். ஆனால் நோயைப் பற்றி யார் சொன்னால் நம்பலாம் என்று முடிவு செய்தவர்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. உங்கள் மகள் படிக்கவிருக்கும் பாடமே அதற்குச் சாட்சி.

பாடநூல்கள் பெரும்பாலும் 1796இல், பெரியம்மைத் தடுப்பூசியைக் கண்டறிந்த ஆங்கில மருத்துவர் எட்வர்ட் ஜென்னரிடம் தொடங்குகின்றன. அதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன், 1706இல், பாஸ்டன் நகரப் பாதிரியார் காட்டன் மாதருக்கு அவருடைய சபையார் ஓர் ஆப்பிரிக்க அடிமையைப் பரிசாக அளித்தனர். மாதர் அவருக்கு ஒனிசிமஸ் என்று பெயரிட்டார். தமிழ் விவிலியத்தில் ஒநேசிமு என்று வரும் அடிமையின் பெயர் அது. பெரியம்மை வந்ததுண்டா என்று மாதர் கேட்டபோது, அவர் ஆம் என்றும் இல்லை என்றும் சேர்த்தே பதில் சொல்லி, பெரியம்மை பிறகு தாக்காமலிருக்க நோயாளியின் கொப்புளத்துச் சீழைத் தோலைக் கீறி ஏற்றுவது தம் மக்களின் வழக்கம் என்று விளக்கி, தம் கையிலிருந்த தழும்பைக் காட்டினார்.

மாதர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. (பாஸ்டனுக்கு அருகிலுள்ள சேலம் என்ற ஊரில், சூனியக்காரர்கள் என்று பலர்மீது தொடுத்த வழக்குகளுக்கு ஆதரவாக எழுதியவர் அவர்; எளிதில் நம்பக்கூடியவர்தாம்.) பாஸ்டனில் இருந்த வேறு ஆப்பிரிக்கர்களிடமும் விசாரித்தார், எல்லோர் பேச்சும் ஒத்துப்போயிற்று. 1721இல் பெரியம்மை நகருக்குள் பரவியபோது மருத்துவர்களை அவர் வேண்டிக்கொள்ள, சப்டியல் பாய்ல்ஸ்டன் ஒருவர் மட்டுமே முன்வந்து, தம் ஆறு வயது மகனுக்கும், தம் வீட்டு அடிமை ஒருவருக்கும், அந்த அடிமையின் சிறு பிள்ளைக்கும் முதலில் அம்மை குத்தினார். அந்த அடிமையால் வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியுமா என்பதும் வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வியே. வில்லியம் டக்ளஸ் என்ற மருத்துவர் ஆப்பிரிக்கர்களின் வாக்கைச் சான்றாகக் கொள்வதையே எள்ளி நகையாடினார். மாதரின் வீட்டுக்குள் யாரோ வெடிகுண்டு வீசினார்கள். கடைசியில், இயல்பாக நோய் கண்ட ஏறத்தாழ 5,900 பேரில் 844 பேர் இறந்தனர். அம்மை குத்திக்கொண்ட சுமார் 240 பேரில் இறந்தவர்கள் 6 பேர்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த எண்களுக்கு விழுக்காடு போட்டுப் பார்க்கலாம். குத்திக்கொள்ள முன்வந்தவர்கள் ஏற்கெனவே உடல்நலம் மிக்கவர்களாக இருந்திருந்தால் இந்த ஒப்பீடு செல்லுமா என்று வாதிடலாம். இதைவிட நல்ல அறிவியல் பாடம் எனக்குத் தெரியாது. சொன்னவரின் தோலைப் பார்த்துச் சான்றை ஒதுக்கிய டக்ளஸ் அறத்தில் மட்டும் தவறவில்லை, அறிவியலிலும் தவறினார்.

உங்கள் மகளின் வகுப்பில் கறுப்பினக் குழந்தைகள் இருந்தால், அவர்களில் சிலர் வேறொரு கதையுடன் வரக்கூடும். அலபாமாவின் மேக்கன் மாவட்டத்தில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் (சிபிலிஸ்) கண்ட 399 கறுப்பின ஆண்களை, அதைக் குணப்படுத்தும் பெனிசிலின் பரவலாகக் கிடைத்த பிறகும், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை சிகிச்சை தராமல் கண்காணித்து வந்தது. இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளையின் ஐயத்தை வாய் திறக்கவே விடாமல், தடுப்பூசி பாதுகாப்பானது என்று எழுதச் சொன்னால், அது தேர்வில் எழுதிவிடும், நம்பாது. வாய்வழிக் கதை திரிவதும் உண்டு: அந்த ஆண்களுக்கு நோயையே அரசு ஊசியில் ஏற்றியது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது உண்மையில்லை, நடந்தது சிகிச்சை மறுப்பும் ஏமாற்றும். கதை வகுப்புக்குள் வந்தால்தானே அதைத் திருத்த முடியும்?

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். கதைகளை வாங்கிச் சுவரில் ஒட்டிவிட்டு, மாதர் செய்ததுபோல் அவற்றை விசாரிக்காமல் விட்டால், அந்த வகுப்பு மணி வீண்தான். ஆசிரியையிடம் அதைக் கேளுங்கள்.

இந்தியாவில் பெரியம்மை கடைசியாகக் கண்டது 1975இல். உங்கள் தாயாரின் கையில் அம்மை குத்திய வட்டத் தழும்பு இருக்கக்கூடும். எந்த வயதில் குத்தினார்கள், குத்த வந்தவரைக் கண்டு வீட்டில் யாராவது ஒளிந்துகொண்டார்களா, அம்மன் கோபிப்பாள் என்று தடுத்தவர் உண்டா என்று உங்கள் மகள் பாட்டியிடம் கேட்டு எழுதட்டும்.