ஒரே சட்டம், இருவேறு தந்தையர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

யூத ஆசாரக் குடும்பங்களைப் பற்றி வாசிக்கும்போது இரண்டு விதமான அப்பாக்களைப் பார்க்கிறேன். ஒருவர் மகனோடு சரிக்குச் சரி வாதாடுகிறார். இன்னொருவர் முகம்கொடுத்தே பேசுவதில்லை. இருவரும் பக்திமான்கள். மதம் உண்மையில் இவர்களில் யாரைப் போல இருக்கச் சொல்கிறது?
— ரா.

அன்புள்ள ரா.,

இருவரும் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்தான். தந்தையின் கடமைகளை, யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூதின் கிட்டுஷின் பகுதி வரிசையாகச் சொல்கிறது: விருத்தசேதனம், தலைமகனானால் குருமாருக்குப் பணம் கொடுத்து அவனை மீட்கும் சடங்கு, யூத வேதமான தோராவைக் கற்பித்தல், கல்யாணம், ஒரு கைத்தொழில். நீச்சலும் சொல்லித்தர வேண்டும் என்பவர்கள் உண்டு. மகன் அப்பாவின் இடத்தில் உட்காரக்கூடாது, அவர் பேச்சை மறுக்கக்கூடாது. முதுமையில் சோறு தந்து, உடுத்திவிட்டு, வெளியே அழைத்துப்போய்த் திரும்பக் கூட்டிவர வேண்டும். அதற்கான செலவு அப்பாவிடம் பணமிருந்தால் அவருடையது.

அப்பா தவறு செய்வதைக் கண்டால்? ‘நீங்கள் தோராவை மீறிவிட்டீர்கள்’ என்று சொல்லலாகாது. ‘அப்பா, தோராவில் இப்படி எழுதியிருக்கிறதே’ என்று வசனத்தை மட்டும் எடுத்துவைக்க வேண்டும். முடிவுக்கு வருவது அவர் பொறுப்பு. இந்த நாசூக்கு எனக்கு மிகவும் பிடித்தது.

வித்தியாசம் எங்கே வருகிறதென்றால், யார் பாடம் சொல்லித்தருகிறார் என்பதில். அப்பாவே மகனோடு தல்மூத் படிக்க உட்கார்ந்தால் வாதம்தான் அங்கே வேலை. ஒரே பாடத்தைப் படிக்கும் தகப்பனும் பிள்ளையும் ஒருவருக்கொருவர் பகைவராகிறார்கள், ஆனால் அன்பர்களாகாமல் அங்கிருந்து நகர்வதில்லை என்று அதே கிட்டுஷின் சொல்கிறது. நீங்கள் பார்த்த முதல் அப்பா அங்கிருந்து வருகிறார்.

இரண்டாமவர் பெரும்பாலும் ரெப்பே, அதாவது ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தைச் சேர்ந்த ஒரு சமூகத்தின் தலைவர். இந்த வம்சங்களில் பதவி பெரும்பாலும் மகனுக்குப் போகும். ஹபாத் என்ற ஹசிதிய வம்சத்தை நிறுவிய ஷ்னியுர் ஸல்மான் 1812-இல் மறைந்ததும் அவர் மகன் டோவ் பேர் தலைமையேற்றார். அப்பாவும் ஆசிரியரும் பொருளைத் தொலைத்தால் ஆசிரியருடையதை முதலில் தேடு என்கிறது தல்மூதின் மூலநூலான மிஷ்னா: அப்பா இவ்வுலகுக்குக் கொண்டுவந்தவர், ஆசிரியர் மறுவுலகுக்குக் கொண்டுசெல்பவர். ரெப்பேயின் வீட்டில் இரண்டு பயபக்தியும் ஒரே மனிதர் மேல் விழுகின்றன. மகனும் பிறரைப் போல ஒரு சீடனாகிவிடுகிறான். பேச்சு குறைவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்த மௌனத்தைச் சட்டத்தின் ஆணை என்று எவரும் நியாயப்படுத்த முடியாது. பிள்ளைகள் மேல் நுகத்தை அழுத்தாதே, உன் மரியாதையில் கறாராக இருந்து அவர்களை இடறச் செய்யாதே, கண்டும் காணாமல் விடு என்று யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் (1138–1204) எழுதியிருக்கிறார். தந்தை தன் மரியாதையை விட்டுக்கொடுத்தால் அது செல்லும். வளர்ந்த மகனை அடிப்பவரைச் சமூக விலக்கம் செய்யச் சொல்கிறது தல்மூத். அவன் திருப்பி அடித்துப் பாவத்தில் விழ நேருமே, அதற்கு வழிசெய்தவர் அப்பாதானே! ‘வளர்ந்தவன்’ என்றால் 22 அல்லது 24 வயது என்று பின்வந்தவர்கள் வரையறுத்தார்கள். வயதைவிட அந்தப் பிள்ளையின் சுபாவத்தைப் பார்க்க வேண்டும் என்ற கருத்தும் உண்டு. அதுதான் சரியென்று எனக்குப் படுகிறது.

அப்பாவின் சொல்லுக்கும் எல்லை இருக்கிறது. வேறோர் ஊரில் வேறோர் ஆசிரியரிடம் நன்றாகக் கற்பேன் என்று மகன் நம்பினால், தந்தை தடுத்தாலும் அவன் போகலாம் என்கிறது யூதச் சட்டத் தொகுப்பான ஷுல்கான் ஆருக். அதற்கு உரை எழுதிய மோசே இஸ்ஸர்லெஸ், அவன் விரும்பும் பெண்ணை அப்பா வேண்டாமென்றாலும் கேட்க வேண்டியதில்லை என்று சேர்த்தார்.