இடித்துக் கட்டும் முன் கடைக்காரர்களிடம் என்ன பேச வேண்டும்?

கேள்வி: எங்கள் ஊர் பஸ் நிலையத்தின் அருகே எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான பழைய வணிக வளாகம் இருக்கிறது. இரண்டு தளங்களில் 36 கடைகள். கட்டடம் மிகவும் பழுதாகிவிட்டதால் இடித்துவிட்டு ஐந்து மாடி வளாகம் கட்ட நினைக்கிறோம். வாடகைக்கு இருக்கும் வியாபாரிகளும் அக்கம்பக்கத்தாரும் எதிர்க்கிறார்கள். கவுன்சிலரை வைத்து ஒரு கூட்டம் போட்டு ஆதரவு திரட்டலாமா?

பதில்: கூட்டம் போடுங்கள், ஆனால் இப்போது வேண்டாம். முதல் கூட்டத்திலேயே மைக் பிடித்து எதிர்த்துப் பேசியவர், பிறகு நீங்கள் எவ்வளவு நல்ல ஏற்பாடு சொன்னாலும் நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தையிலிருந்து இறங்கி வரமாட்டார். கவுன்சிலரிடம் மரியாதைக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அது போதும். அப்புறம் வியாபாரம் மந்தமாக இருக்கும் மதிய நேரத்தில் கடை கடையாகப் போங்கள். புது வளாகத்தின் கலர் படங்களை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கண்ணாடியும் லிஃப்டுமாக ஒரு படத்தைப் பார்த்தால், இதில் நமக்கு இடம் இருக்காது என்றுதான் பழைய வாடகைதாரருக்குத் தோன்றும்.

நான் பார்த்தவரை எதிர்ப்பின் வேர் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. இடிக்கும் நாளுக்கும் திரும்பி வரும் நாளுக்கும் நடுவே என்ன செய்வது என்ற பயம் அது. இரண்டு வருடம் ஷட்டர் மூடிக் கிடந்தால் வாடிக்கை கலைந்துவிடும். கடனுக்குச் சரக்கு போடும் மொத்த வியாபாரியும் கையை விரித்துவிடுவார். இதற்கு விடை வைத்துக்கொண்டு போனால்தான் பேச்சு நகரும். பொறியாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, பாதிப் பாதியாகக் கட்ட முடியுமா என்பதை. முடியாது என்றால், இப்போதைய வாடிக்கையாளர் நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில் ஒரு காலி மனையைப் பிடித்து, மின் இணைப்போடு தற்காலிகக் கடைகள் போட்டுக் கொடுங்கள்.

தூரத்தைப் பற்றி அலட்சியம் வேண்டாம். திருச்சி காந்தி மார்க்கெட் வியாபாரிகளுக்காகக் கள்ளிக்குடியில் சுமார் 77 கோடி ரூபாய் செலவில் கட்டிய வளாகம் 2017-ல் திறக்கப்பட்டது. ஊரிலிருந்து தூரம், கடைகள் சின்னவை என்று வியாபாரிகள் போக மறுத்தார்கள். அரசாங்கமே கட்டிக் கொடுத்தும் இந்த நிலை. மும்பை பெண்டி பஜாரில் 16.5 ஏக்கரில் சுமார் 250 பழைய கட்டடங்களை இடித்துக் கட்டும் திட்டத்தில், அங்கிருந்தவர்களைத் தற்காலிக இடங்களுக்கு மாற்றிவிட்டுத்தான் இடித்தார்கள். அங்கே கடைகள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். உங்களுக்கு 36 கடைகள்தான், மனம் வைத்தால் முடியும்.

அடுத்தது எழுத்து. "உங்களுக்கு இல்லாததா, கண்டிப்பாகக் கடை தருகிறோம்" என்று எத்தனை முறை சொன்னாலும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது. எந்தத் தளம், எத்தனை சதுர அடி, என்ன வாடகை, பழைய அட்வான்ஸ் என்ன ஆகும், எந்த மாதம் சாவி கைக்கு வரும், தாமதமானால் மாதம் எவ்வளவு ஈடு என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒப்பந்தம் போடுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தாக வேண்டும். தரைத்தளத்தில் முன்பக்கம் இருந்தவரை மூன்றாம் மாடிக்கு அனுப்பாதீர்கள். அந்தக் கடைகளுக்கு வெளியாளிடம் அதிக வாடகை கிடைக்கும் என்பது உண்மைதான். அந்த ஆசையில்தான் பல திட்டங்கள் வருடக்கணக்கில் நீதிமன்றத்தில் கிடக்கின்றன.

வாசலில் பூ, பழம் விற்பவர்களையும் கணக்கில் சேருங்கள். அவர்கள் உங்கள் வாடகைதாரர்கள் இல்லை என்றாலும், 2014-ம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி 30 நாள் நோட்டீஸ் இல்லாமல் அவர்களை அப்புறப்படுத்த முடியாது. மாநகராட்சி, நகராட்சிகளில் நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்கிறது; போலீசைத் தேடிப் போகாமல் அந்தக் குழு மூலமாகப் பேசுங்கள். தினமும் அந்தத் தெருவில் இருப்பவர்கள் அவர்கள்தான். உங்கள் திட்டத்தைப் பற்றி ஊருக்குள் நல்லதோ கெட்டதோ பரவுவது அவர்கள் வாய் வழியாகத்தான்.

அக்கம்பக்கத்தாரின் கவலை வேறு: தூசி, விரிசல், பார்க்கிங், மழைத் தண்ணீர். வேலை தொடங்கும் முன்பே ஒட்டியுள்ள கட்டடங்களின் சுவர்களை ஒரு கட்டமைப்புப் பொறியாளரை வைத்துப் படம் எடுத்து, வீட்டுக்காரரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். பின்னால் விரிசல் வந்தால் யார் பொறுப்பு என்ற சண்டை பாதி குறையும். லோடு இறக்கும் நேரத்தையும் இப்போதே எழுதிக் கொடுத்துவிடலாம்.

20,000 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடத்துக்குப் பொதுவாகச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை. அதற்கு மேற்பட்ட கட்டுமானத்துக்கும் மத்திய அரசின் 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு தந்திருக்கிறது. ஆக, மக்களைக் கேட்கச் சொல்லி எந்த அலுவலகமும் உங்களை வற்புறுத்தப் போவதில்லை. நீங்களாகவே கேட்டால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

சில எதிர்ப்புகள் நியாயமானவை. பழைய வாடகையில் தையல் கடையோ சைக்கிள் கடையோ நடத்துபவரால் புது வாடகையைத் தாங்க முடியாது. அவருக்குச் சின்னக் கடை, படிப்படியாக ஏறும் வாடகை என்று இடம் ஒதுக்க முடியாவிட்டால், ஐந்து மாடிக் கணக்கையே மறுபடி போட்டுப் பாருங்கள்.

முக்கால்வாசிப் பேர் கையெழுத்துப் போட்டபின் கூட்டத்தைக் கூட்டுங்கள். திட்டத்தை விளக்கும் பொறுப்பை வியாபாரிகள் சங்கத்திலிருந்து ஒருவரிடம் விடுங்கள். இடிக்கும் தேதியைப் பொங்கல் முடிந்தபின் வையுங்கள். தீபாவளிச் சரக்கு வாங்கிப் போட்டிருக்கும் நேரத்தில் யாரிடமும் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.