பூஞ்சை பிடித்த வேர்க்கடலையைக் கழுவி வறுத்துவிட்டால் ஆபத்து போய்விடுமா?

போகாது. சூட்டில் பூஞ்சை செத்துவிடும். அது கடலைக்குள் ஏற்கெனவே விட்டுவைத்த அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு சாகாது. வறுத்தால் ஓரளவு குறையலாம், முழுதாக ஒழியாது. கழுவுவதும் வீண்வேலை.

இந்த நஞ்சு பிடிபட்ட கதையே விசித்திரம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம் புரியாமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் பார்த்தால், தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்குதான் வினை!

ஒரேயடியாக நிறைய உள்ளே போனால் கல்லீரல் பழுதாகி உயிரே போகலாம். ஆனால் எனக்குப் பெரிய கவலை, கொஞ்சம் கொஞ்சமாக வருடக்கணக்கில் உடம்புக்குள் போவதுதான். அது கல்லீரல் புற்றுநோயில் கொண்டுவிடலாம். ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்று உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து பல மடங்கு. மக்காச்சோளத்திலும் இதே தொல்லை உண்டு. கெட்ட தீவனத்தை மாடு தின்றால் பாலிலும் வரும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? கடலையைப் பிளந்து பாருங்கள். பூஞ்சை பிடித்ததில் இரண்டு பருப்புக்கும் நடுவே பச்சையும் மஞ்சளுமாகத் தூள் படிந்திருக்கலாம். நிறம் மாறியது, சுருங்கியது, கசப்பது எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள். நஞ்சு பெரும்பாலும் சில கடலைகளில்தான் குவிந்திருக்கும் என்பதால் பொறுக்கி எடுப்பது நன்றாகவே உதவும். மூட்டை முழுக்க முடைநாற்றம் அடித்தால் பொறுக்கிக்கொண்டிருக்காதீர்கள், மொத்தமாகத் தூக்கிப் போடுங்கள். மாட்டுக்கும் வேண்டாம்.