ஒரு செமஸ்டர் பிராக் போகலாமா?

மேலூரிலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

பி.ஏ. வரலாறு படிக்கும் மகளை ஒரு செமஸ்டர் மட்டும் வெளிநாட்டில் படிக்க அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் போக நினைக்கும், செக் நாட்டுத் தலைநகர் பிராகிலுள்ள சார்லஸ் பல்கலைக்கழகம் டுபாக்கூர் இல்லை. 1348-ல் தொடங்கியது. அப்போது மதுரையில் சுல்தான்கள் ஆட்சி! அதனால் பெயரைப் பற்றிக் கவலை வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு.

தமிழ் படிக்க நம்ம மதுரைக்கே வெளிநாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள் இல்லையா? அது மாதிரிதான் அங்கேயுள்ள இந்தப் படிப்பும். கிழக்கு, மத்திய ஐரோப்பாவின் வரலாறு, அரசியல், இலக்கியம் எல்லாவற்றையும் வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்காக ஆங்கிலத்தில் நடத்துகிறார்கள். முடிவில் கிடைப்பது மதிப்பெண் பட்டியல் மட்டும்தான். சொந்தக்காரர்கள் சொல்வதுபோல் 'ஃபாரின் டிகிரி' கிடையாது. பி.ஏ. வரலாற்றை இங்கே வந்துதான் முடிக்க வேண்டும்.

போவதற்கு இரண்டு வழி உண்டு. கல்லூரிக்கும் அங்கேயுள்ள பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருந்து, பரிமாற்ற மாணவியாகப் போனால் பொதுவாக அங்கே கல்விக் கட்டணம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் நடத்தும் எராஸ்மஸ் பிளஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் இடம் கிடைத்தால் மாதாமாதம் உதவித்தொகையும் வரும். அப்படியென்றால் தாராளமாக அனுப்புங்கள். நாமே பணம் கட்டிச் சேர்வது இரண்டாவது வழி. அதற்காக நகையை அடகு வைக்காதீர்கள். ஆசையை எம்.ஏ.வுக்குத் தள்ளிப்போடலாம். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே இல்லை. தங்கிச் சாப்பிட ஆகும் செலவுக்குத்தான் பணம் காட்ட வேண்டும். அங்கே கிடைப்பது முழுப் பட்டம்.

பரிமாற்றம்தான் என்றால், அடுத்தது கிரெடிட், அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் படிக்கும் நேரத்தை வைத்துத் தரும் புள்ளி. இதில்தான் நிறையப் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். அங்கே ஒரு கிரெடிட் என்பது, வீட்டில் படிக்கும் நேரத்தையும் சேர்த்து 25 முதல் 30 மணி நேரம். இங்கே வகுப்பில் உட்காரும் 15 மணி நேரமே ஒரு கிரெடிட். ஆக, அங்கே வாங்கும் 6 இங்கே 6 ஆகாமல் போகலாம். அங்கே படிக்கும் எந்தப் பாடத்துக்கு இங்கே எந்தப் பேப்பர் கழியும் என்று கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். துறைத்தலைவர் "அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்று சொல்வது போதாது. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் கையெழுத்தும் வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வந்து அந்த செமஸ்டர் முழுவதையும் அரியராக எழுத நேரிடும்.

தமிழ் மீடியத்தில் படித்தவளாச்சே என்று பயப்படுகிறீர்கள். பேச்சு ஒரு மாதத்தில் பழகிவிடும். வாராவாரம் கட்டுரைகள் படித்து, சொந்த நடையில் எழுதிக் கொடுப்பதுதான் கஷ்டம். நெட்டிலிருந்து ஒட்டினால் அந்தப் பாடமே போச்சு. அங்கேயுள்ள ஒரு பாடத்திட்டத்தை இறக்கி, முதல் வார வாசிப்பை மட்டும் படித்து ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அவள் தாங்குவாளா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

இந்த ஒரு செமஸ்டரால் டி.என்.பி.எஸ்.சி.யில் ஒரு மார்க்கும் கூடுதலாகக் கிடைக்காது. எம்.ஏ. விண்ணப்பத்துக்கும், அங்கேயுள்ள பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கவும் உதவும். அப்புறம் விசா. 90 நாளுக்கு மேல் தங்குவதால் டூரிஸ்ட் விசா செல்லாது. நீண்டகால விசா வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும், பாஸ்போர்ட்டுக்கு இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.